மரத்தூளுக்கு வாய்த்த கூட்டாளி

1855-இல் பாரிஸ்காரர் பிரான்சுவா சார்ல் லெபாழ் ஒரு காப்புரிமைக்கு எழுதிப்போட்டார். அவருடைய பொருளுக்கு வேண்டிய சரக்கு இரண்டே இரண்டு. கருங்காலி, ஈட்டி போன்ற மரங்களை அறுக்கும்போது உதிரும் நைஸான தூள். கசாப்புக்கூடத்தில் வடிந்து வீணாகும் மாட்டு ரத்தம். ரத்தத்தில் இருக்கும் ஆல்புமின் சூடுபட்டால் இறுகும். இரண்டையும் குழைத்து, காயவைத்து, பொடித்து, எஃகு அச்சில் கொட்டிச் சூடேற்றி அழுத்தினால் கறுத்து மினுமினுக்கும் கெட்டிப்பொருள் கிடைத்தது. அச்சில் செதுக்கிய மெல்லிய கோடுகூடத் தப்பாமல் அதில் பதிந்தது. 'புவா துர்சி' என்று பேர் வைத்தார்கள். மைக்கூடு, ராஜா ராணி முகம் பதித்த பதக்கம், அலமாரிக் கதவில் ஒட்டும் அலங்காரத் தகடு என்று அது கொஞ்ச காலம் நன்றாகவே ஓடியது.

இன்று கோயம்புத்தூரிலோ மதுரையிலோ புது வீட்டுக் காம்பவுண்டுச் சுவர்மேல் தேக்கு நிறத்தில் கோடுகோடாக நிற்கிறதே ஒரு மறைப்புப் பலகை, கடையில் 'டபிள்யூ.பி.சி.' என்று மூன்றெழுத்தில் கேட்டு வாங்குவது, அதற்கு இந்த ரத்தப் பலகைதான் கொள்ளுத் தாத்தா. ரத்தம் போய்ப் பிளாஸ்டிக் வந்தது. மரத்தூள் அப்படியே இருக்கிறது. அழகுக்காகவோ காட்டைக் காப்பாற்றவோ யாரோ ஒரு புண்ணியவான் இதைக் கண்டுபிடித்தார் என்பதுபோல விற்பனைக்காரர்கள் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மீந்து கிடக்கும் சரக்கை எங்கே தள்ளுவது என்ற தவிப்பில் பிறந்த பொருள் இது. அதை மறந்து, மரம் என்றே நம்பிக் கையாண்ட இடங்களில் எல்லாம் அது காலை வாரியிருக்கிறது.

மர அறுவை மில்லுக்குப் போயிருப்பவர்களுக்குத் தெரியும். உள்ளே போகும் மரத்தில் சட்டமாகவும் பலகையாகவும் வெளியே வருவது ஒரு பங்கு. பட்டையாகவும் சிராயாகவும் தூளாகவும் உதிர்வது இன்னொரு பங்கு. நம் ஊரில் அதைத் தூள் அடுப்பில் இடித்து எரித்தோம். மேல்நாட்டு ஆலைகளில் அது மலையாகக் குவிந்தது. 1860-களில் இங்கிலாந்தின் ஃபிரெடரிக் வால்டன் ஆளிவிதை எண்ணெயோடு தக்கைத்தூளைக் கலந்து லினோலியம் என்ற தரைவிரிப்பைச் செய்தார். மரத்தூளும் அதில் சேர்ந்தது. 1907-இல் லியோ பேக்லாண்ட் தன் பேக்கலைட்டுக்கு வழி கண்டபோது, அந்தப் பிசின் மட்டும் தனியாக இருந்தால் சுலபமாக நொறுங்கியது. மாவாக அரைத்த மரத்தூளை, அதாவது மரமாவை, சேர்த்ததும் தாங்கியது. பழைய கறுப்பு டெலிபோனும் உருண்டை சுவிட்சும் மரத்தூள் கலந்த பிசின்தான். 1916-இல் ரோல்ஸ்-ராய்ஸ் காரின் கியர் குமிழ் இந்தக் கலவையில் வந்ததை, மரமும் பிசினும் சேர்ந்து சந்தைக்கு வந்த முதல் பொருள்களில் ஒன்றாகத் துறை நூல்களில் குறிப்பிடுவார்கள்.

1924-இல் மிசிசிப்பி மாநிலத்து லாரல் ஊரில் வில்லியம் மேசன் வேறொரு வழி பிடித்தார். மரச் சிராய்களை இரும்புக் குழலில் அடைத்து, உயர் அழுத்த நீராவி ஏற்றி, மூடியைச் சட்டென்று திறந்துவிட்டார். சிராய் வெடித்துப் பஞ்சானது. அந்த நாரைச் சூட்டில் அழுத்தினால், மரத்துக்குள்ளேயே இருக்கும் லிக்னின் பசையாக வேலை செய்தது. கொடியும் இலையுமாகத் துளைவேலை செய்த தோட்டத் தட்டிகள் சில இன்றும் இந்த வம்சத்து அழுத்தப் பலகையில்தான் வெட்டப்படுகின்றன. ஆனால் நம் கதை போகும் பாதை அதுவல்ல.

பேக்கலைட் ஒருமுறை இறுகினால் மறுபடி உருகாது. பாலித்தீன், பாலிபுரொப்பிலீன், பி.வி.சி. போன்றவை உருகும், அச்சில் பிதுங்கும், ஆறினால் இறுகும். மரத்தூளை இவற்றோடு சேர்க்கலாமே என்று தோன்றுவது இயல்பு. பிளாஸ்டிக் ஆலைக்காரர்கள் அதற்கு லேசில் இசையவில்லை, அவர்கள் பயத்தில் நியாயமும் இருந்தது. மரத்தூள் எடையில்லாமல் உப்பிக்கொண்டு இயந்திரத்தின் வாயில் இறங்க மறுக்கும். அதில் ஈரம் இருக்கும். சூட்டில் ஈரம் ஆவியாகிப் பலகையில் கொப்புளம் போடும். எல்லாவற்றையும்விட, சுமார் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மரம் கருகத் தொடங்கும். அந்தக் கோட்டுக்குக் கீழே உருகும் பிளாஸ்டிக்குகள் மட்டும்தான் இதற்குத் தோதுப்படும். தச்சுத் தொழில்காரர்களுக்கோ பிளாஸ்டிக் என்றால் பக்கெட்டும் குடமும்தான். இரு தரப்புக்கும் பொதுவான பேச்சே இல்லாமல் பல ஆண்டுகள் போயின.

முதலில் இறங்கியது கார் தொழில். 1983-இல் விஸ்கான்சின் மாநிலத்து ஷெபாய்கனில் அமெரிக்கன் உட்ஸ்டாக் என்ற நிறுவனம் இத்தாலியத் தொழில்நுட்பத்தை வாங்கி, பாலிபுரொப்பிலீனும் மரமாவும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி கலந்த தகடுகளைப் பிதுக்கியது. கார்க் கதவின் உட்புறத்தில், துணி போர்த்திய பாகத்துக்கு அடியில் இருப்பது அதுதான். பயணிகள் யாரும் அதைப் பார்த்ததில்லை.

அடுத்து வந்தது குப்பை. 1987 மார்ச்சில் நியூயார்க் அருகே ஐஸ்லிப் ஊரின் குப்பை, 3,000 டன்னுக்கும் மேலே, மொப்ரோ 4000 என்ற படகில் ஏறிக் கடலுக்குப் போனது. வட கரோலினா இறக்கவிடவில்லை. மற்ற மாநிலங்களும் கைவிரித்தன. மெக்சிகோ, பெலீஸ் வரை போய், இறக்க இடமில்லாமல், போன குப்பையோடு நியூயார்க்குக்கே திரும்பியது. கடைசியில் புரூக்ளினில் எரித்தார்கள். மாதக்கணக்கில் தொலைக்காட்சியில் அந்தப் படகைப் பார்த்த அமெரிக்கர்களுக்குத் தங்கள் பிளாஸ்டிக் பையெல்லாம் எங்கே போகிறது என்ற கேள்வி முதன்முறையாக உறைத்தது.

பால் கேன் போன்ற கெட்டிப் பிளாஸ்டிக்கை மறுசுழற்சி செய்வது எளிது. கடைப் பையும், சரக்கைச் சுற்றிவரும் மெல்லிய உறையும்தான் தலைவலி. மை, ரசீது, ஒட்டுத்தாள், மண் எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். கழுவிப் பிரித்தாலும் சுத்தமான பிளாஸ்டிக் கிடைக்காது. அதை அப்படியே உருக்கிக் கட்டையாக வார்த்துப் பார்த்தார்கள். பூங்கா பெஞ்ச் ஆனது, ஆனால் வெயிலில் நடுவில் தொய்ந்தது. அங்கேதான் மரத்தூள் உள்ளே வந்தது. தூளைச் சேர்த்தால் விறைப்பு கூடியது, விலையும் குறைந்தது. கொஞ்சம் அழுக்குப் பிளாஸ்டிக்கையும் இந்தக் கலவை பொறுத்துக்கொண்டது. ரோஜர் விட்டன்பெர்க் என்பவர் பையும் மரத்தூளும் சேர்ந்த பலகைக்கு வழி கண்டிருந்தார். 1992-இல் அந்தத் தொழில்நுட்பத்தை மொபில் நிறுவனத்தின் ரசாயனப் பிரிவு வாங்கியது. குப்பைப் பை செய்து விற்ற அதே மொபில்தான். தன் பைகள் மண்ணில் மக்கிவிடும் என்று விளம்பரம் செய்ததற்காக அதற்கு இரண்டு ஆண்டு முன்புதான் பல மாநில அரசுகள் அதன்மேல் வழக்குப் போட்டிருந்தன. 1996-இல் அந்தப் பிரிவின் நான்கு அதிகாரிகள் சேர்ந்து தொழிலை விலைக்கு வாங்கி, டிரெக்ஸ் என்று தனி நிறுவனமாக்கினார்கள். அதன் இடம் வர்ஜீனியாவின் வின்செஸ்டர் ஊர். 1999-இல் நியூயார்க் பங்குச்சந்தைக்கு வந்தது.

டெக்சாஸின் ஜங்ஷன் என்ற சிற்றூரில் இன்னொரு கூட்டம். அங்கே ஜூனிப்பர் மரத்திலிருந்து வாசனை எண்ணெய் எடுப்பார்கள். எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் நார்க் குவியலோடு பழைய பாலித்தீனைக் கலந்து பலகை செய்தது ஏ.இ.ஆர்.டி. என்ற நிறுவனம். மின்னசோட்டாவின் ஆண்டர்சன் ஜன்னல் கம்பெனி, தன் பட்டறையில் விழும் தூளைப் பி.வி.சி.யோடு சேர்த்து 1990-களின் தொடக்கத்தில் கதவின் அடிச்சட்டம் செய்தது. யாரும் காட்டுக்குப் போய் இதற்காக மரம் வெட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொருவரும் தன் கொல்லைப்புறத்தில் குவிந்ததை எடுத்துக்கொண்டு கிளம்பியவர்கள். 1991-இல் மேடிசன் நகரில் மர நார்-பிளாஸ்டிக் கலவைக்கென்றே முதல் சர்வதேச மாநாடு கூடியது. பேசிக்கொள்ளாத இரு தொழில்களும் அங்கே ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்தன.

ஆலையில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். சலித்த மரமாவை ஈரம் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குக்குக் கீழே இறங்கும்வரை உலர்த்துவார்கள். பிளாஸ்டிக் குருணை, நிறப்பொடி, வெயில் தாங்கும் மருந்து, வழுக்கலுக்கு மெழுகு எல்லாம் சேரும். மரம் தண்ணீரை விரும்பும், பாலித்தீன் தண்ணீரை ஒட்டவிடாது. இரண்டும் வெறுமனே பக்கத்தில் இருக்குமே தவிரப் பற்றாது. மாலெயிக் அன்ஹைட்ரைடு ஏற்றிய பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் சேர்த்தால், அதன் ஒரு முனை மரத்தையும் மறு முனை பிளாஸ்டிக்கையும் பிடித்துக்கொள்கிறது. கல்யாணத் தரகர் வேலைதான். அதற்குக் காசு அதிகம் என்பதால் மலிவுப் பலகைக்காரர்கள் முதலில் கைவைப்பதும் இதில்தான். கலவை இரட்டைத் திருகுகளுக்கு இடையே நசுங்கிக்கொண்டே முன்னேறி, எஃகு வாய் வழியாகப் பலகையின் குறுக்கு வெட்டு வடிவத்திலேயே வெளியே வரும். பற்பசை மாதிரி மெத்தென்று வருவதைத் தண்ணீரில் ஆற்றி, உருளையால் மர ரேகையை அழுத்தி, அளவாக அறுத்து அடுக்குகிறார்கள். முடிச்சு இல்லை, கோணல் இல்லை, ஒரு பலகையைப் போலவே ஆயிரமும் இருக்கும்.

இந்தப் பலகை அமெரிக்க வீடுகளின் பின்கட்டில் 'டெக்' என்கிற திறந்த மரத்தளத்துக்கு விரிப்பாகப் போனது. ஆனாலும் மலிவான மரத்துக்குமுன் நிற்க முடியவில்லை. அதன் தலைவிதியை மாற்றியது இந்தியாவில் பிறந்த ஒரு கண்டுபிடிப்பு என்று சொன்னால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் வேலைபார்த்தவர் சொண்டி காமேசம். தண்டவாளக் கட்டையும் மின்கம்பமும் கரையானுக்கும் பூஞ்சைக்கும் இரையாவதைத் தடுக்க வழி தேடிக்கொண்டிருந்தார்கள். தாமிர உப்பு பூஞ்சையைக் கொல்லும். ஆர்செனிக் கரையானைக் கொல்லும். ஆனால் இரண்டும் மழையில் கரைந்து போய்விடும். காமேசம் மூன்றாவதாக குரோமிய உப்பைச் சேர்த்தார். அது மரத்துக்குள் வினைபுரிந்து மற்ற இரண்டையும் கரையாதபடி கட்டிப்போட்டது. 1933-இல் கண்டுபிடித்தார், 1938-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. 'ஆஸ்கு' என்பது அதன் பேர். மரத்தை இரும்பு உருளைக்குள் அடைத்து, காற்றை உறிஞ்சிவிட்டு, இந்தக் கரைசலை அழுத்தத்தோடு ஏற்றினால், சாதாரணப் பைன் கட்டைகூட மண்ணில் புதைந்தபடி பல பத்தாண்டு நிற்கும். அமெரிக்கத் தொலைபேசிக் கம்பங்களுக்குப் போனது, பிறகு 1970-களிலிருந்து வீட்டுக்கு வீடு டெக், வேலி, குழந்தைகள் ஊஞ்சல் சட்டம் என்று பரவியது. லேசாகப் பச்சையடித்த அந்தக் கட்டை அங்கே எல்லா மரக்கடையிலும் கிடைத்தது. வேலித் தொழிலையே தூக்கி நிறுத்திய கண்டுபிடிப்பு அது. அந்த மனிதரின் பேர் நம் பாடப்புத்தகங்களில் கண்ணில் படுவதே இல்லை என்பது தனி வருத்தம்.

கட்டிப்போட்டாலும் ஆர்செனிக் ஆர்செனிக்தான். சிறிதளவு மழையோடு மண்ணில் இறங்கியது; சட்டத்தைத் தொட்டு விளையாடிய பிள்ளையின் கையில் ஒட்டியது; அந்தக் கை வாய்க்குப் போகும். எரித்தால் சாம்பல் விஷம். பெற்றோர்கள் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். 2002 பிப்ரவரியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஓர் அறிவிப்பு வெளியிட்டது: மரப் பதப்படுத்தும் தொழிலே முன்வந்து, 2003 டிசம்பர் 31-க்குப் பிறகு வீட்டு உபயோக மரங்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த மருந்தை ஏற்றுவதை நிறுத்திக்கொள்ளும். ஏற்கெனவே நின்ற டெக்குகளைப் பிடுங்கச் சொல்லவில்லை. ஆனால் புதிதாகக் கட்டுகிறவர்கள் மாற்று தேடினார்கள். மாற்று மருந்து ஏற்றிய மரம் விலை கூடியது. பையும் தூளும் கலந்த பலகைக்கு அப்போதுதான் அழைப்பு வந்தது.

வந்த அழைப்பில் அது கொஞ்சம் தலைக்கனமாகவும் நடந்துகொண்டது. பராமரிப்பே வேண்டாம், அழுகவே அழுகாது என்றார்கள். பிளாஸ்டிக் மரத்தூளைச் சுற்றிப் பொதிந்துகொண்டிருப்பதால் தண்ணீர் உள்ளே போகாது என்பது கணக்கு. பாதிக்குப் பாதி தூள் இருக்கும்போது தூளும் தூளும் தொட்டுக்கொண்டு உள்வரை சங்கிலியாகப் போகும். மேல்பரப்பில் எங்கே ஒரு தூள் வெளியே தெரிகிறதோ அங்கிருந்து ஈரம் நடந்தே உள்ளே போய்விடும் என்பதை யோசிக்கவில்லை. இத்தனைக்கும் 1998-இலேயே மோரிஸ், கூப்பர் என்ற இரு ஆய்வாளர்கள் ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவில், இந்தக் கலவைப் பலகை போட்ட நடைபாதையில் காளான் முளைத்திருப்பதைக் கண்டு எழுதினார்கள். வெறும் மேல்பாசி இல்லை, மரத்தைத் தின்னும் பூஞ்சையின் காளான். பலகை போட்டு நான்கைந்து ஆண்டுதான் ஆகியிருந்தது. வீடுகளிலும் கறுப்புப் புள்ளி, வெளுப்பு, உப்பல் என்று புகார்கள் குவிந்து வழக்குகள் நடந்தன.

அதற்குப் பிறகுதான் மேலுறை வந்தது. உள்ளே பழைய கலவை, வெளியே மரத்தூளே இல்லாத மெல்லிய பிளாஸ்டிக் தோல். இரண்டும் ஒரே வாய் வழியாக ஒரே நேரத்தில் பிதுங்கி ஒட்டிக்கொண்டு வரும். 2010-ஐ ஒட்டிச் சந்தையின் பெரும்பகுதி அதற்கு மாறத் தொடங்கியது. இன்று நல்ல வெளிப்புறப் பலகை என்றால் இந்தத் தோலோடு வருவதுதான். மரம் என்று தோன்ற வைத்த அதே தூளை மறைத்த பிறகுதான் அது வெளியில் நிற்கும் தகுதி பெற்றது என்பது எனக்குப் பிடித்த வேடிக்கை.

தரையில் கிடந்தது சுவருக்கு ஏறியதற்கு ஒருவர் பேரைச் சொல்ல முடியாது. பல நாட்டுக் கை அது. ஜப்பானில் மிசாவா ஹோம்ஸ் 'எம்-உட்' என்ற பலகையைத் தன் வீடுகளுக்கென்றே உருவாக்கியது. அய்ன் எஞ்சினியரிங்கின் சடாவோ நிஷிபோரி மரமாவை மேலும் நைஸாக்கி, கையால் தடவினால் மரம் என்றே சொல்லும்படி செய்தார். 2006-இல் ஜப்பான் இதற்கென்று தனித் தரநிலையே வகுத்தது. 2010 ஷாங்காய் உலகப் பொருட்காட்சியில் பின்லாந்து அரங்கமான 'கிர்னு'வின் வெளிச்சுவர் முழுக்க மீன்செதிள்போல வெள்ளைத் தகடுகள். ஒட்டுத்தாள் ஆலையில் மீந்த காகிதமும் பிளாஸ்டிக்கும்தான் அந்தச் செதிள்கள். ஜெர்மனியிலிருந்து வந்த ரெசிஸ்டா ஒரு படி மேலே போய் மரத்தையே விட்டுவிட்டது. அதில் இருப்பது நெல் உமி 60 பங்கு, உப்பு 22, கனிம எண்ணெய் 18.

யோசித்துப் பார்த்தால் சுவர்தான் இதற்கு ஏற்ற இடம். தரையில் தண்ணீர் தேங்கும், நாற்காலிக் கால் அழுத்தும், பளுவில் மெல்ல மெல்லத் தொய்யும். நிமிர்த்தி வைத்த பலகையில் மழை வழிந்து ஓடிவிடுகிறது. தன் எடையைத் தவிர வேறு சுமை இல்லை. பள்ளமும் மேடுமாகப் பிதுக்குவது இயந்திரத்துக்கு ஒரு செலவும் இல்லை, வாயின் வடிவத்தை மாற்றினால் போதும். மரத்தில் அதே கோடுகளை இழைக்க ஒரு ஆசாரிக்கு எத்தனை நாள் பிடிக்கும்!

நம் ஊருக்கு வந்தபோது இது பெரும்பாலும் கதவு நிலையாகவும் சமையலறை அலமாரிப் பலகையாகவும்தான் வந்தது. கரையானும் ஈரமும் தொடாது என்பதே விற்பனைப் பேச்சு, வீட்டுக்குள் அது பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனால் இங்கே 'டபிள்யூ.பி.சி.' என்று விற்கும் பலகைகள் பலவற்றில் இருப்பது நுரைத்த பி.வி.சி.; மரத்தூள் சொற்பம். வீட்டுக்குள் டி.வி. சுவருக்கு ஒட்டும் மெல்லிய லூவர் பேனலும் இந்த ரகம்தான். அதை வெளிச்சுவரில் அடித்துவிட்டு இரண்டு கோடையில் சாயம் போய் நெளிந்து நிற்பதைப் பார்த்தவர்கள் நிறைய இருப்பார்கள். கடையில் உட்புறமா வெளிப்புறமா என்று கேட்பதோடு நிற்காமல், பலகையின் வெட்டுமுகத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். ஓரத்தில் வேறு நிறத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தோல் நாலு பக்கமும் சுற்றி ஓடினால் அது வெளிப்புறச் சரக்கு.

மதுரைப் பக்கம் ஒரு வீட்டில் பழைய காம்பவுண்டுச் சுவருக்கும் அதையடுத்த கம்பிவேலிக்கும் சேர்த்து இந்த மறைப்பு அடிப்பதை நின்று பார்த்தேன். சுவரின் பூச்சு அலையலையாக இருந்தது. மேஸ்திரி தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துவிட்டு, சுவரை நேராக்கப் போகவில்லை, சுவரில் ஜி.ஐ. குழாய்ச் சட்டம் அடித்து, பள்ளம் இருந்த இடத்தில் பின்னால் துண்டு கொடுத்து, சட்டத்தை நேராக்கினார். ஒன்றேகால் அடிக்கு ஒரு குழாய். இந்தச் சட்டம் நேர்நிறுத்த மட்டுமல்ல, பலகைக்கும் சுவருக்கும் நடுவே காற்று ஓடவும்தான். நேரே சுவரில் ஒட்டினால் பின்னால் ஈரம் அடைந்து, முன்னால் வெயில் காய்ந்து, பலகை வில்லாக வளையும். கீழே தரையிலிருந்து ஓர் அங்குலம் தூக்கியே தொடங்கினார். முதல் பலகைக்குத் தொடக்கக் கிளிப். அந்தப் பலகையின் நாக்கில் அடுத்த பலகையின் பள்ளம் உட்காரும். திருகு முழுக்க உள்ளே மறைந்துவிடும். மேல் முனையில் மட்டும் விரல் நுனி அளவுக்கு இடம் விட்டுக்கொண்டே வந்தார். வீட்டம்மா அதைக் கவனித்துவிட்டார்.

"ஏன் மேஸ்திரி, மேல இடம் விட்டுட்டீங்க? அளவு தப்பிருச்சா?"

"தப்பலைம்மா, வேணும்னுதான் விட்டது. சித்திரை வெயில்ல இது நீளும். முட்ட வெச்சு அடிச்சா வயிறு தள்ளிரும்."

"கட்டை எப்படிங்க நீளும்?"

"கட்டை நீளாதும்மா. இது நீளும்."

அவர் கணக்குச் சரி. மரம் நீளவாட்டில் சூட்டுக்கு அசைவதே இல்லை என்று சொல்லிவிடலாம். இந்தக் கலவை அதைப்போலப் பல மடங்கு விரியும். விடியற்காலையிலிருந்து உச்சிவெயில் வரை அடர்நிறப் பலகையின் உடம்புச் சூடு 40 டிகிரி ஏறினால், மூன்று மீட்டர் பலகை ஏறக்குறைய ஐந்து மில்லிமீட்டர் நீளும். மரவேலையில் கைபழகியவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். இடுக்கு விடாமல் சேர்ப்பதுதான் அவர்கள் தொழில் கௌரவம். இங்கே இடுக்கு விடுவதே வேலை. திருகு போடும் துளையையும் திருகைவிடப் பெரிதாக, நீள்வட்டமாகக் குடைய வேண்டும். விட்ட இடத்தை எல் வடிவ ஓரப்பட்டி மறைத்துக்கொள்ளும்.

வேலிப் பக்கம் வேறு சங்கதி. அங்கே முதுகுக்குச் சுவர் இல்லை. காடி வெட்டிய அலுமினியத் தூண்களைக் காங்கிரீட்டில் நட்டு, பலகைகளை மேலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கினார்கள். கம்பிவேலியில் காற்று புகுந்து போகும். இப்படி மூடினால் அத்தனை காற்றும் தூண் தலையில். 2016 டிசம்பரில் வர்தா புயலைப் பார்த்த சென்னைக்காரர்களிடம் இதை விளக்க வேண்டியதில்லை. பழைய வேலித் தூணிலேயே பலகையைக் கட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தூண் ஆழமாக இறங்க வேண்டும், அல்லது பலகைகளுக்கு இடையே சந்து விட வேண்டும். ஏ.சி.யின் வெளி யூனிட்டை மறைக்கவென்று இதை அடிப்பவர்களுக்கும் சந்துதான் மருந்து. இல்லாவிட்டால் அது கக்கிய சூட்டையே திரும்ப இழுத்துக்கொண்டு கரண்டைத் தின்னும்.

சாயங்காலம் வேலை முடிந்தபோது ஒரு சாக்குத் துண்டுகள் மிச்சம். தேக்குத் துண்டென்றால் யாராவது அடுப்புக்கு எடுத்துப் போயிருப்பார்கள். இதை எரிக்கக் கூடாது, பி.வி.சி. கலந்ததென்றால் புகையே அமிலம். ஆலையில் விழும் துண்டு அங்கேயே அரைபட்டு மறுபடி இயந்திரத்துக்குள் போய்விடும். தெருவில் விழும் துண்டை வாங்க ஆள் இல்லை. பழைய இரும்புக் கடைக்காரர் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சாக்கிலேயே போட்டார். மேஸ்திரி அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார், ஆனால் அது அடுத்த வீட்டுக்குத்தான் உதவும்: பலகை 2.9 மீட்டர் வருகிறதென்றால் மறைப்பின் உயரத்தை 1.45-க்குச் சற்றுக் குறைவாக முதலிலேயே தீர்மானித்துவிட வேண்டும். ஒரு பலகைக்கு இரண்டு துண்டு, மிச்சம் விழாது.